வாளை

விருதுநகரில் எங்கள் தெருவில்
யாருக்கும் அந்த எழுத்து வராது.
மளை பெய்யும். பளம் கனியும்.
ஏளு மணிக்குப் பால்காரர் வருவார்.
குறையென்று யாரும் சொன்னதில்லை,
கேட்கும் காதுகளும்
அதே தெருவில் வளர்ந்தவை.

மாறுதலில் இங்கே வந்த முதல் நாள்
‘குளித்துறை ஒண்ணு’ என்றேன் நடத்துநரிடம்.
ஆற்றங்கரை ஊர்,
அதுவும் பொருந்தும் என்று நினைத்தாரோ என்னவோ,
சீட்டைக் கிழித்துத் தந்தார்.
பதினொரு வருடம் ஆகிறது.

மூன்றாம் வகுப்புக்கு இந்த ஆண்டு
பதிமூன்று டேப்லெட்டுகள் வந்தன.
இருவருக்கு ஒன்று.
கேள்வியை நீங்களே செய்யலாம்,
படம் சேர்க்கலாம், குரல் பதியலாம் என்று
நாகர்கோவிலில் ஒருநாள் பயிற்சி,
மதியம் சாம்பார் சாதம்.

ஞாயிறு இரவு
மின்விசிறியை நிறுத்தி,
எதிரொலி வராதிருக்க
பீரோவைத் திறந்து சேலைகளுக்குள் முகம் வைத்து
பத்துச் சொற்களைப் பதிந்தேன்.
சொல்லுக்கு நான்கு படம்.
ஆறாவது சொல்லுக்கு
வாழை மரம், ஆடு, குடை,
இடம் நிரப்ப
பெயர் தெரியாத ஒரு நீள வெள்ளி மீன்.

திங்கள்கிழமை.
ஆறாவது கேள்வியில் வகுப்பே சிவந்தது.
பதிமூன்றில் பதினொன்று தவறு.
எல்லோரும் மீனைத் தொட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம்.
ரெண்டு வாரம் நடத்திய பாடம்.
ஜன்னலுக்கு வெளியே
கையெட்டும் தூரத்தில் குலை தள்ளி நிற்கிறது மரம்.
‘எழும்பு ஹிஸானா, இது என்ன?’
‘வாளையாக்கும் டீச்சர்.
வாப்பாக்க பெட்டியில தெனமும் உண்டு.’
‘நான் கேட்டது?’
‘அதத்தானே கேட்டிய.’

மறுபடி அழுத்தினேன்.
மறுபடி.
நான்காம் முறை எனக்கே கேட்டது:
என் குரலில் ஒரு பெண்
தெளிவாக, நிறுத்தி, அன்பாக
மீனைக் கூப்பிடுகிறாள்.

அப்படியானால் இத்தனை வருடம்?

என் முகத்தைப் பார்த்து,
கரும்பலகையைப் பார்த்து,
கை காட்டும் திசையைப் பார்த்து
பாதிச் சொல்லை இவர்களே
திருத்தித் திருத்திக் கேட்டிருக்கிறார்கள்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
டேப்லெட்டுக்கு முகம் கிடையாது.
சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டது.

சரியாகத் தொட்ட இரண்டு ஜோடியையும் விசாரித்தேன்.
ஆன்றோ பெனிஷ் தலையைச் சொறிந்தான்:
‘டீச்சர் அப்படித்தான் சொல்லுவியன்னு
எனக்குத் தெரியும்.’

மதியம்
சத்துணவு அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே
ஹிஸானாவை உட்கார வைத்தேன்.
ரெஜினாள் அக்கா அடுப்பைத் தணித்து
வாசலில் காவல் நின்றார்.
முன்பற்கள் இரண்டும் விழுந்த வாய்.
ச வரும்போது காற்று போகிறது.
அந்த எழுத்துக்குப் பல் வேண்டாம்.
வாழை. மழை. கிழங்கு. மட்டிப்பழம்.
ஒரே மூச்சில் பத்தும் முடித்துவிட்டு
‘அடுத்தது?’ என்றாள்.

பதிமூன்றும் பச்சை.

ஆனால் காலையில் எடுத்த மதிப்பெண்
ஏற்கெனவே மேலே போய்விட்டது.
அழிக்க வழியில்லையாம், கேட்டுப் பார்த்தேன்.
இப்போதும் திறந்தால் இருக்கிறது:
சொல் ஆறு, அடைவு பதினைந்து விழுக்காடு,
குறைதீர் கற்பித்தல் தேவை.
யாருக்கு என்று அதில் இல்லை.

மாலைப் பேருந்தில்
காதில் ஹிஸானா.
‘தொடப் போற மாதிரி போயி
தொடாம நிக்கணும் டீச்சர், அவ்வளவுதான்.’
தக்கலை வரும்வரை
வாயை மூடிக்கொண்டு
நாக்கை மடித்து மடித்துப் பார்க்கிறேன்.

விக்கல் என்று நினைத்து
பக்கத்து இருக்கைப் பெண்
தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.